செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் போதும், வெளியூர்ச் சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். "அந்த மலை ரயில் இப்ப ஓடுதா, இல்லையா?" என்று ஆரம்பித்து "எந்த வண்டியில் ஏறினால் பாலம் தெரியும்?" என்பது வரை போகும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த ரயில்பாதை இது?

கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைக்கும் பாதை. மொத்தம் சுமார் 94 கிலோமீட்டர். இதில் கொல்லம் முதல் புனலூர் வரை மேடு பள்ளமான சமவெளி. புனலூரிலிருந்து செங்கோட்டை வரையுள்ள சுமார் 49 கிலோமீட்டர்தான் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கும் பகுதி. செங்கோட்டையிலிருந்து போனால் பகவதிபுரம், ஆரியங்காவு, நியூ ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், எடமண், புனலூர் என்று வரிசையாக வரும். எங்கள் பக்கத்தில் "மலை ரயில்" என்றால் இந்த 49 கிலோமீட்டரைத்தான் சொல்வார்கள்.

பாதையை மூடிவிட்டார்களா, ஓடுகிறதா?

மூடியது மீட்டர்கேஜ் பாதையை, அதாவது தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி குறைந்த பழைய பாதையை. இப்போது ஓடுவது அகலப்பாதை.

முதலில் 2007-இல் கொல்லம்–புனலூர் பகுதியை மூடினார்கள். அது அகலமாகி 2010 மே மாதம் திறந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 20-இல் புனலூர்–செங்கோட்டை மலைப்பகுதியை மூடினார்கள். அப்புறம் துண்டு துண்டாகத்தான் திறந்தது. புனலூரிலிருந்து எடமண் வரை 2017-இல் வந்தது. முழுப் பாதையும் முறைப்படி திறக்கப்பட்டது 2018 ஜூன் 9-ஆம் தேதி. அதாவது மலைக்கு மேல் ஏறக்குறைய எட்டு வருடம் பயணிகள் ரயிலே கிடையாது. மூடிய வருடம் பிறந்த குழந்தை, ரயில் திரும்பி வந்தபோது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தது.

யார் போட்ட பாதை? எதற்காக?

ஸ்ரீமூலம் திருநாள் ஆண்ட காலத்துத் திருவிதாங்கூர் சமஸ்தானமும், சென்னை மாகாண அரசும், தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சேர்ந்து போட்டது. திருவிதாங்கூருக்குள் வந்த முதல் ரயில்பாதை இதுதான். 1904-இல் பயணிகள் வண்டி ஓட ஆரம்பித்தது.

காட்சி பார்ப்பதற்காக யாரும் அன்றைக்கு மலையைக் குடையவில்லை. கொல்லம் பெரிய துறைமுகம், பெரிய சந்தை. அங்கே கயிறு, மரம், மலைச்சரக்கு. இந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமையின் நெல்லும் பருத்தியும் கருவாடும். நடுவில் மலை. மாட்டு வண்டிகள் கணவாய் வழியாக ஏறி இறங்கிய சரக்கைத் தண்டவாளத்தில் ஏற்றுவதுதான் நோக்கம். முதல் எஞ்சினையும் பெட்டிகளையும் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொல்லத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பகுதி பகுதியாக மாட்டு வண்டியில் இழுத்து வந்தார்கள் என்று கொல்லத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1918-இல் இந்தப் பாதை கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் வரை நீண்டது. ஆனால் கொல்லத்திலிருந்து வடக்கே கோட்டயம், எர்ணாகுளம் பக்கம் போக ரயில் வந்தது 1958-இல்தான். அதுவரை சமஸ்தானத்தின் தலைநகரிலிருந்து ரயிலில் வெளியூர் போக வேண்டுமென்றால் செங்கோட்டை வழி ஒன்றே வழி. எங்கள் சின்ன ஸ்டேஷன் நாற்பது வருடம் திருவனந்தபுரத்துக்கு வாசலாக இருந்திருக்கிறது. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர்தான். மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போதுதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் மூடினார்கள்?

நாடு முழுவதும் ஒரே அளவுப் பாதை என்ற திட்டம் 1992-இல் தொடங்கியது. மீட்டர்கேஜ் என்றால் தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். அகலப்பாதைக்கு 1676. அந்தப் பெட்டி இதில் ஓடாது, இந்தப் பெட்டி அதில் ஓடாது. 2004-இல் விருதுநகரிலிருந்து செங்கோட்டை வரை அகலமானது. 2010-இல் புனலூர் வரை மேற்கிலும் அகலமாகிவிட்டது. மலைப்பாதை மட்டும் நடுவில் தீவாக மாட்டிக்கொண்டது.

தீவாகிப்போன பாதையை ஓட்டுவது சாமானியமில்லை. பழுதான எஞ்சினை எங்கே கொண்டுபோவது? மாற்றுப் பெட்டி எங்கிருந்து வரும்? சரக்கு வண்டி வந்தால் ஒரு பக்கம் இறக்கி, மறுபக்கம் ஏற்ற வேண்டும். பயணிகளும் மூட்டை முடிச்சோடு இரண்டு இடத்தில் வண்டி மாற வேண்டும். கடைசி வருடங்களில் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும், வண்டியில் காற்று நிறைய, கூட்டம் குறைவு. மூடியது தவறென்று நான் சொல்லமாட்டேன். மூடிவிட்டு எட்டு வருடம் இழுத்தடித்ததுதான் தவறு.

ஊட்டி ரயில் மாதிரி மீட்டர்கேஜாகவே வைத்திருக்கலாமே?

சென்னையிலும் கொச்சியிலும் இருப்பவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். ஊட்டி ரயிலுக்கு 2005-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அங்கே செங்குத்தான ஏற்றத்தில் பற்களைப் பிடித்து ஏறும் பல்சக்கரப் பாதை இருக்கிறது, ஊட்டி என்ற பெயர் இருக்கிறது, டிக்கெட்டுக்கு என்ன விலை சொன்னாலும் கொடுக்க ஆள் இருக்கிறது. ஊட்டிக்கு மேல் ரயில் எங்கேயும் போக வேண்டியதும் இல்லை.

எங்கள் பாதை அப்படி முட்டி நிற்கும் பாதை கிடையாது. இரண்டு மாநிலத்தைச் சேர்ப்பது. ஆரியங்காவிலும் தென்மலையிலும் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போகிற பாதை. அதைப் பொம்மை ரயிலாக்கி, வாரக்கடைசியில் சுற்றுலா வருகிறவர்களுக்கு மட்டும் ஓட்டியிருந்தால் ரசிகர்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். பாதை ஓரத்தில் வாழ்கிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வண்டியையாவது, ஒரு எஞ்சினும் இரண்டு பெட்டியுமாக, ஸ்டேஷன் வாசலில் நினைவாக நிறுத்தி வைப்பது வேறு. அதற்கு என் ஓட்டு உண்டு.

எட்டு வருடம் ஏன் ஆனது?

சமவெளி என்றால் பக்கத்தில் மண்ணைக் கொட்டிப் பாதையை அகலப்படுத்திவிடலாம். இங்கே ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நூறு வருடப் பழைய குகைகளைப் பெரிய பெட்டி நுழையும்படி மாற்ற வேண்டும். பாலம் ஒவ்வொன்றையும் கூடுதல் பாரம் தாங்கும்படி பலப்படுத்த வேண்டும். தண்டவாளத்தை எடுத்துவிட்டதால் மலைக்குள் சாமான் கொண்டுபோகவும் வழி கஷ்டம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு. வேலை நடக்கிற மாதங்களை விரல்விட்டு எண்ணலாம். போதாக்குறைக்கு வருடா வருடம் பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பார்த்து ஏமாறுவது எங்கள் ஊரில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

திறந்த பிறகும் மலை விட்டுக்கொடுக்கவில்லை. 2018 ஆகஸ்ட் மாதம் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது மண்சரிந்து, திறந்து மூன்று மாதம்கூட ஆகாத பாதையில் வண்டி நின்றது.

அந்த எட்டு வருடமும் பஸ் இருந்ததே, அதனால் என்ன?

இருந்தது. கொல்லத்திலிருந்து திருமங்கலம் போகும் நெடுஞ்சாலை ரயில்பாதையை ஒட்டியேதான் போகிறது. இரண்டு மாநில அரசு பஸ்ஸும் ஓடின. ஆனால் அந்த வளைவுகளில் பஸ்ஸில் போய்ப் பார்த்தால் தெரியும். கையில் எலுமிச்சம்பழமும் பாலித்தீன் பையும் இல்லாமல் எங்கள் சித்தி அந்த பஸ்ஸில் ஏறமாட்டார். சபரிமலை சீசனில் ரோடு முழுக்க வேன். கட்டணமும் பாசஞ்சர் ரயிலைவிடப் பல மடங்கு.

உண்மையில் அடிபட்டது சில்லறை வியாபாரம்தான். ஒரு கூடை காய், ஒரு சாக்கு தேங்காய், இரண்டு கட்டு வாழையிலை என்று கொண்டுபோய் விற்றுவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறவர்களுக்கு ரயிலில் இடம் உண்டு. கதவோரம் கூடையை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார்கள். பஸ்ஸில் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட், அதற்கு மேல் கண்டக்டரோடு வாய்த்தகராறு. எட்டு வருடத்தில் அந்த வியாபாரத்தைப் பலர் விட்டுவிட்டார்கள். ரயில் திரும்பி வந்தது, அவர்கள் திரும்பி வரவில்லை.

பழைய மீட்டர்கேஜ் பயணம் எப்படி இருக்கும்?

வண்டி சின்னது. எதிர் சீட்டுக்காரர் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். அதனாலேயே பேசாமல் போகவும் முடியாது. புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தால் எதிரில் இருப்பவருக்குக் கொடுக்காமல் சாப்பிட முடியாது.

செங்கோட்டையில் கனமான அட்டை டிக்கெட் கொடுப்பார்கள். சின்ன விரல் நீளம்கூட இருக்காது. தேதி அடிக்கும் இயந்திரத்தில் அதைச் செருகினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே டிக்கெட்டை நான் வாங்குகிறேன் என்று பிள்ளைகளுக்குள் சண்டை வரும்.

பகவதிபுரம் தாண்டியதும் வண்டி மூச்சு வாங்க ஆரம்பிக்கும். நீராவி போய் டீசல் எஞ்சின் வந்த பிறகும் அப்படித்தான். ஏற்றத்துக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் தள்ளும். வளைவில் திரும்பும்போது நடுப்பெட்டியில் இருந்தால் முன்னால் இழுப்பதும் தெரியும், பின்னால் தள்ளுவதும் தெரியும். வேகம் கேட்காதீர்கள். இறங்கி, ஓரத்தில் ஒரு பூவைப் பறித்துக்கொண்டு ஏறிவிடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வளையம் மாற்றுவது. ஒற்றைப் பாதையில் எதிர் எதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் இருக்க, ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வரை போவதற்கு டிரைவர் கையில் ஓர் இரும்பு உருண்டை இருந்தாக வேண்டும். அதை ஒரு தோல்பையில் போட்டு, பெரிய மூங்கில் வளையத்தில் கட்டியிருப்பார்கள். நிற்காத வண்டியாக இருந்தால் எஞ்சினிலிருந்து ஒரு கை பழைய வளையத்தைப் பிளாட்பாரத்தில் வீசும். அதே கை, கீழே நிற்பவர் நீட்டிப் பிடித்திருக்கும் புது வளையத்தைத் தோள்வரை கோத்து எடுத்துக்கொள்ளும். கண்ணிமைக்கும் நேரம்தான். வீசிய வளையம் பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் உருண்டு போய் விழும். அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் ஆள் சாவகாசமாக நடந்து வருவார்.

அப்புறம் ஆரியங்காவுக்குப் பிறகு வாசனையே மாறிவிடும். இந்தப் பக்கம் காய்ந்த வைக்கோல், அந்தப் பக்கம் ரப்பர் பால். ரப்பர் ஷீட் காயப்போட்ட வாடை பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது விடுமுறையின் வாசனை.

குகைக்குள் என்ன விசேஷம்?

மலைப்பகுதியில் ஐந்து குகைகள். பெரியது பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில். ஒரு முனை தமிழ்நாடு, மறுமுனை கேரளம். சாரல் காலத்தில் இந்தப் பக்கம் லேசாகத் தூறிக்கொண்டிருக்கும். குகையைத் தாண்டி வெளியே வந்தால் அடைமழை. ஜன்னலை இறக்குவதற்குள் முதல் வரிசை நனைந்துவிடும்.

வண்டி உள்ளே நுழைந்ததும் எல்லாப் பிள்ளைகளும் கத்த வேண்டும், இது எழுதப்படாத விதி. பெட்டியில் விளக்கு எரியாத நாட்களில் கத்தலுக்கு இன்னும் மவுசு. நீராவிக் காலத்தில் ஜன்னலைச் சாத்தாவிட்டால் கரிப்புகை உள்ளே வந்து, வெளியே வரும்போது வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாகியிருக்கும் என்பது என் ஆச்சி சொன்னது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் நல்ல வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கொல்லத்தில் இறங்கிக் கட்டிக்கொள்வார்களாம்.

பதிமூன்று கண் பாலம் எங்கே இருக்கிறது?

கழுதுருட்டி அருகில். நெடுஞ்சாலையிலிருந்தே பார்க்கலாம். மலையாளத்தில் 'பதிமூன்னு கண்ணற' என்பார்கள். இரண்டு குன்றுகளுக்கு நடுவே, பதிமூன்று கல் வளைவுகள், சுமார் நூறு மீட்டர் நீளம். கீழே சாலையும், கல்லடையாற்றில் போய்ச் சேரும் கழுதுருட்டியாறும். சுண்ணாம்பில் வெல்லம் கலந்து கட்டினார்கள் என்று எல்லாப் பழைய பாலத்துக்கும் சொல்கிற கதை இதற்கும் உண்டு. வெல்லம் இருந்ததோ இல்லையோ, நூறு வருடத்து மழையைத் தாங்கி நின்றது என்னவோ நிஜம்.

அகலப்பாதை வேலை வந்தபோது இதை இடித்துவிடுவார்களோ என்று இரண்டு பக்கத்திலும் பயம் இருந்தது. இடிக்கவில்லை. கான்கிரீட் கொடுத்துப் பலப்படுத்தி, அதன் மேலேயே பெரிய ரயிலை விட்டார்கள். முன்பு கல் மட்டும் தெரிந்த இடத்தில் இப்போது கான்கிரீட் தெரிகிறது, அழகு போச்சு என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. பாலம் வேலையில் இருக்கிறது. சும்மா நிறுத்தி வைத்து வேலி போட்டிருந்தால் இந்நேரம் ஆலமரம் முளைத்திருக்கும்.

கொல்லம் மெயில் என்றால் எது?

சென்னை எழும்பூரிலிருந்து கொல்லம் வரை இந்த வழியாக ஓடிய மீட்டர்கேஜ் வண்டி. மதுரை, விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி என்று வந்து மலையேறும். எங்கள் பக்கத்தில் கடிகாரம் இல்லாத வீட்டுக்கு அதுதான் கடிகாரம். சென்னை–மதுரைப் பாதை அகலமானதும் அந்த நேர் வண்டிக்கு வழியில்லாமல் போனது. இப்போது ஓடும் சென்னை–கொல்லம் எக்ஸ்பிரஸை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் "மெயில்" என்றுதான் சொல்கிறார்கள்.

வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது இந்தப் பாதையிலா?

இல்லை. அது 1911 ஜூன் 17, மணியாச்சி சந்திப்பில். தூத்துக்குடி–திருநெல்வேலி வழியில் இருப்பது. இப்போது வாஞ்சி மணியாச்சி. வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர், புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்தவர். அதனால்தான் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆரியங்காவு கோயிலுக்கும் ரயிலுக்கும் என்ன தொடர்பு?

ஆரியங்காவு ஐயப்பன் புஷ்கலா தேவியோடு இருக்கும் கிருகஸ்தர். புஷ்கலா மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண் என்பது ஐதீகம். மார்கழியில் திருக்கல்யாணம் நடக்கும்போது மதுரையிலிருந்து சௌராஷ்டிர சமூகத்தார் பெண்வீட்டாராகச் சீர்வரிசையோடு வருவார்கள், கோயில் தரப்பில் சம்பந்தி மரியாதை உண்டு. மலைக்கு நடுவில் இருக்கிற கோயிலுக்கு மதுரையிலிருந்து சீர் கொண்டுவர ரயிலைவிட வசதி எது? எட்டு வருடம் வேனும் பஸ்ஸும்தான் கைகொடுத்தன.

இப்போது போனால் பழைய காட்சி தெரியுமா? எந்த வண்டி நல்லது?

மலை அதே மலை, காடு அதே காடு. மலைப்பகுதியில் திறந்தபோது வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்தான், அதனால் பார்க்க நிறைய நேரம் உண்டு. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே பின்னால் ஓர் எஞ்சின் தள்ளும் வழக்கமும் தொடர்ந்தது. இப்போது மின்கம்பியும் வந்துவிட்டதால் போட்டோவில் கம்பி விழும், அவ்வளவுதான்.

வண்டி தேர்வு செய்வதில்தான் சூட்சுமம். பாலருவி எக்ஸ்பிரஸ் என்று ஆசையாகப் பெயர் வைத்திருக்கிறார்களே, அது மலையை நடுராத்திரியில் கடக்கிறது. பாலருவி இருப்பது ஆரியங்காவுக்குப் பக்கத்தில், ஆனால் அந்த ரயிலில் போகிறவர்கள் அருவி இருக்கும் திசையைக்கூடப் பார்க்க முடியாது. சென்னையிலிருந்து கொல்லம் போகும் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மலையேறும், பாதி இருட்டு, பாதி வெளிச்சம். கொல்லத்திலிருந்து சென்னை திரும்பும் அதே வண்டி பகலில் வருகிறது. அதுவும் மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸும்தான் பார்ப்பதற்கு ஏற்றவை. நேரம் அவ்வப்போது மாறும், டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் என்று கேட்டால் ஜூலை, ஆகஸ்ட். மழை இல்லாமல் இந்த மலையைப் பார்ப்பதில் பாதிச் சுகம்தான். ஏசி பெட்டி வேண்டாம். கண்ணாடிக்குள் உட்கார்ந்துகொண்டு ரப்பர் வாசனை எப்படி வரும்?

பாலத்தின் மேல் நடந்துபோய்ப் படம் எடுக்கலாமா?

கூடாது. சட்டப்படிக் குற்றம், அதோடு வளைவில் வண்டி வருவது கடைசி நிமிடம் வரை தெரியாது. மீட்டர்கேஜ் மூடியிருந்த வருடங்களில் ஆட்கள் ஹாயாக நடந்து பழகிவிட்டார்கள், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. சாலையிலிருந்து பார்த்தால்தான் பதிமூன்று கண்ணும் படத்தில் வரும்.

அதுதான் ரயில் வந்துவிட்டதே, இன்னும் எதற்குப் புலம்பல்?

நியாயமான கேள்வி. என் சொந்தப் பதிலைச் சொல்கிறேன், ஊரில் எல்லாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

பழைய பெட்டிக்காகவும் எஞ்சினுக்காகவும் ஏங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் ஏங்குவது நின்று நின்று போன வண்டிக்கு. பழைய பாசஞ்சர் எல்லாச் சின்ன ஸ்டேஷனிலும் நிற்கும். ஓடிவருகிற ஆளைப் பார்த்தால் கார்டு கொடியைக் கொஞ்சம் தாமதித்து அசைப்பார். புது வண்டிகளில் பெரும்பாலானவை தூரத்து ஊர்களை இணைக்கும் எக்ஸ்பிரஸ்கள். சென்னைக்காரருக்கும் பாலக்காட்டுக்காரருக்கும் நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் காலையில் ஒற்றக்கல்லில் ஏறிச் செங்கோட்டைச் சந்தைக்கு வந்துவிட்டுச் சாயங்காலம் திரும்ப நினைக்கிறவருக்கு அந்த நேர அட்டவணையில் இடம் எங்கே? கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்களையும் எக்ஸ்பிரஸ் கணக்கில் சேர்த்து, குறைந்தபட்சக் கட்டணத்தைப் பத்து ரூபாயிலிருந்து முப்பதாக்கினார்கள். பழையபடி பத்தாக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மலைக்கு மேல் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, எல்லா இடத்திலும் நிற்கிற சாதாரண வண்டி விட்டால் இந்தப் புலம்பலில் முக்கால்வாசி நின்றுவிடும். மீதிக் கால்வாசி எங்களுக்கு வயதாகிறதே என்ற புலம்பல், அதற்கு ரயில்வே ஒன்றும் செய்ய முடியாது.

போடி ரயிலுக்கும் இதே கதைதானா?

இதைவிட மோசம். மதுரை–போடிநாயக்கனூர் பாதை 1928-இல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பப் போட்டு வண்டி ஓட 1954 ஆனது. மறுபடி அகலப்பாதைக்காக 2010 கடைசியில் மூடியது, தேனிக்கு ரயில் வந்தது 2022 மே, போடிக்கு 2023 ஜூன். பன்னிரண்டு வருடத்துக்கு மேல். ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊருக்கு இந்த நிலை. தேனிக்காரர்களிடம் எங்கள் எட்டு வருடக் கதையைச் சொன்னால் சிரிப்பார்கள்.

வீட்டில் பழைய டிக்கெட், போட்டோ இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் போட்டோவின் பின்புறம் பென்சிலில் எழுதுங்கள்: எந்த ஸ்டேஷன், எந்த வருடம், நிற்பது யார். பேனா வேண்டாம், மை ஊறும். அட்டை டிக்கெட்டை லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரித்தெடுக்க முடியாது. ஒரு காகித உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வைத்தால் போதும். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து வீட்டில் இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள்.

பொருளாக ஏதாவது, அதாவது விளக்கு, பழைய கால அட்டவணை, சீருடைப் பொத்தான் என்று இருந்து, வீட்டில் வைக்க இடமில்லை என்றால் திருச்சியிலும் சென்னை பெரம்பூரிலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். அதையெல்லாம்விட அவசரமான வேலை ஒன்று உண்டு. பாதையைப் பராமரிக்கும் கேங்மேனாகவோ, வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாகவோ, கேட் கீப்பராகவோ அந்த மலையில் வேலை பார்த்தவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் போனை எடுத்துக்கொண்டு போய்ப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் ராத்திரி பாதையைப் பார்த்தபடி எத்தனை மைல் நடப்பீர்கள், யானை வந்தால் என்ன செய்வீர்கள், குகைக்குள் இருக்கும்போது வண்டி வந்துவிட்டால் எங்கே ஒதுங்குவீர்கள் என்று கேளுங்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் எழுபது தாண்டிவிட்டது. டிக்கெட்டை அடுத்த வருடம்கூட ஸ்கேன் செய்துகொள்ளலாம்.